அந்தப் பலகை உங்களுக்கு எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி வாக்கில் வெளிநாட்டுச் சமூகப்பணி மாணவர்கள் சிலர் எங்கள் களப்பணியைப் பார்க்கத் திருச்சிக்கு வருவார்கள். வந்த அன்றே அவர்கள் கையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுப்போம். இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். யாராவது தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'முடியாது' என்று நினைக்கக் கூடாது, 'சரி' என்கிறார்கள். சாப்பாடு போட்டவருக்கு நன்றி சொல்லாவிட்டால் கோபமில்லை, இரண்டாவது முறை சோறு வாங்காமல் எழுந்தால்தான் கோபம். கலாச்சார வேறுபாடு என்று நாங்கள் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான். அதில் எதை எழுதாமல் விட்டோம் என்பதைப் போன முறை வந்த ஜெர்மன் மாணவி ஒருவர் காட்டிவிட்டார்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். 236 அடி ராஜகோபுரம், ஏழு சுற்று மதில்கள், வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் பஸ்ஸுமாக ஒரு ஊர். வியந்துகொண்டே வந்தவர்கள் உள்ளே ஒரு வாசலில் நின்றார்கள். இந்து அல்லாதவர்களுக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை என்று பலகை. முந்தின நாள்தான் தீண்டாமை பற்றி அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். அந்த மாணவி பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எனக்கு இங்கே இருக்கிறது. உங்களுக்கு எங்கே இருக்கிறது?"

சென்னை மாகாணத்தில் 1947-லேயே ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது, அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, எங்களுக்குப் பலகை கிடையாது என்று பாடம் ஒப்பித்தோம். பக்கத்தில் நின்ற எங்கள் குழுத் தம்பி ஒருவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த அந்தத் தம்பி அதற்கு முந்தைய இரண்டு மாதமாக அம்மா மண்டபம் பக்கம் ஆரம்பித்து ஒவ்வொரு தெருவாக வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். 'சைவம் மட்டும்' என்று எழுதி ஒட்டிய வீடுகளை அவரே தவிர்த்துவிட்டார். ஒட்டாத வீடுகளில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்கள். சொந்த ஊர் எது? அங்கே எந்தப் பக்கம்? குலதெய்வம் எது? அப்பா என்ன பண்றார்? நாலாவது கேள்விக்குள் வீடு ஏற்கெனவே ஒருவருக்குப் பேசி முடித்ததாகிவிடும். இதே பகுதியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு வீட்டு மாடி கிடைக்கிறது, காலையில் காபியும் கிடைக்கிறது. மாட்டுக்கறி தின்பவர்களா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டார் நம்மிடம் அதிகம் குழம்புவது பெயரில்தான். 'குடும்பப் பெயர் எது?' என்பார்கள். அப்படி ஒன்று இல்லை, முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்றால் நம்ப மாட்டார்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட கதையை அப்போது பெருமையாகச் சொல்வோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெயரிலிருந்து இறங்கிய சாதி கேள்வியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர்கள் முதல் சந்திப்பில் என்ன படிக்கிறீர்கள், என்ன வேலை என்கிறார்கள். நாம் 'எந்த ஊரு?' என்கிறோம். அந்தக் கேள்வியில் பாசமும் உண்டு, மறுக்கவில்லை. மத்தியப் பேருந்து நிலையத்தில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்தால் நமக்கும்தான் மகிழ்ச்சி. அதற்கு அடுத்த கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

தம்பியின் கதையைக் கேட்ட ஜெர்மன் மாணவி, தங்கள் நகரத்தில் துருக்கிப் பெயரோடு வீடு கேட்டு எழுதினால் பதிலே வராது என்றார். ஆக, அங்கே எல்லாம் சமத்துவம் பொங்கி வழிகிறது என்று நாம் ஏமாற வேண்டியதில்லை. நம் கேள்வியும் விமானம் ஏறிப் போயிருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டி வந்ததே நம்மவர்கள் அங்கே போனதால்தான்.

எங்களை உறுத்திய இன்னொன்று கழிப்பறை. அந்த மாணவர்கள் தங்கிய விடுதியில் முறை வைத்துத் தாங்களே பிரஷ் எடுத்துக் கழுவினார்கள். காவலாளி அண்ணன் பதறிப்போய், "அதுக்கு ஆள் இருக்காங்கம்மா" என்றார். களத்தில் ஒரு அம்மா வீட்டில் சாப்பிட்ட தட்டை அந்த மாணவி கழுவப் போனபோது, "விருந்தாளி தட்டைக் கழுவலாமா?" என்று அந்த அம்மா பிடுங்கிக்கொண்டார். இரண்டையும் 'இந்தியக் கலாச்சாரம்' என்று ஒரே நோட்டில் மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மா செய்தது உபசரிப்பு. காவலாளி சொன்ன 'ஆள்' எந்தச் சாதி என்று திருச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலம் அள்ள மனிதரை வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்ததையும் அவர்களுக்குச் சொன்னோம். சொல்லிவிட்டு வந்து பார்த்தால், எங்கள் அலுவலகக் கழிப்பறையை இத்தனை ஆண்டும் ஒரு அக்காதான் கழுவிக்கொண்டிருக்கிறார். சமத்துவம் பேசும் எங்களில் ஒருவரும் பிரஷைத் தொட்டதில்லை. இப்போது முறை போட்டிருக்கிறோம். அக்காவின் சம்பளத்தில் கை வைக்கவில்லை, அவர் இப்போது நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எழுதியதே வெளிநாட்டாருக்குத் தீண்டாமையை விளங்க வைக்கத்தான். அதில் அவர் சட்டப் பிரிவுகளை அடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். 1913-இல் கிளம்பி நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்தபோது, தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே அவரை விட்டுப் போயிருந்தது. 1917-இல் பரோடாவில் வேலைக்கு வந்து இறங்கியதும் முதல் கேள்வி எங்கே தங்குவது என்பதுதான். பார்சிப் பெயரில் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நூறு ஆண்டு கழித்தும் நம் தம்பிக்கு அதே வீட்டுப் பிரச்சினை. வெளிநாட்டாரிடம் இதைப் பேசினால் நாட்டின் மானம் போகும் என்று கல்லூரியில் உங்களுக்குச் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள்.

அடுத்த குழு ஜனவரியில் வருகிறது. குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். செருப்பும் இடது கையும் அப்படியே இருக்கின்றன. அதற்குக் கீழே, வீடு தேடிய கதையைத் தம்பியே எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். துவாக்குடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறார். நேரமே கிடைக்கவில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார்.