பழைய கோவாவில் காண வேண்டிய வெற்றிடம்



விடுமுறைக் காலம் நெருங்கும்போது கோவா பயணத்தைப் பற்றிய பேச்சும் நம் சபைகளில் எழுந்துவிடுகிறது. பேருந்தை அமர்த்தி, குடும்பம் குடும்பமாகப் பழைய கோவாவுக்குச் சென்று வருகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. இந்தப் பயணத்தை நான் குறைகூறவில்லை. சென்று வாருங்கள். ஆனால் அந்த நகரத்தை முழுமையாகப் பார்த்து வாருங்கள் என்பதே இந்த வாரம் உங்கள் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.

அங்கே காணத்தக்கவை மிகுதி. 1510-ஆம் ஆண்டு பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியிலிருந்து அல்புகர்க் கைப்பற்றிய அந்நகரம், 1530 முதல் ஆசியாவிலிருந்த போர்த்துகீசியப் பேரரசின் தலைநகரமாயிற்று. 1562-இல் தொடங்கப்பட்ட சே கதீட்ரலின் இரு கோபுரங்களில் ஒன்று 1776-இல் சரிந்தது. இன்றுவரை அது மீண்டும் எழுப்பப்படவில்லை. 1605-இல் அர்ப்பணிக்கப்பட்ட பாம் ஜீசஸ் ஆலயம், பூச்சு நீங்கிய செம்புரைக் கற்களோடு சிவந்து நிற்கிறது. சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கியதால் மக்கள் வெளியேற, மாநகரம் பாழானது. எஞ்சிய ஆலயங்களும் மடங்களும் 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இவற்றையெல்லாம் வழிகாட்டிகள் காட்டுவார்கள். இல்லாமற்போன கட்டடம் ஒன்றையும் நீங்களே கேட்டறிய வேண்டும். 1560-இல் நிறுவப்பட்டு, இடையில் சில ஆண்டுகள் மட்டும் நிறுத்தப்பட்டு, 1812-இல் முற்றிலும் ஒழிக்கப்பட்ட சமய விசாரணை மன்றம் ஒரு மாளிகையில் இயங்கியது. அந்த மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. ஆலயங்கள் நிற்க, அந்த இடம் மட்டும் வெற்றிடமாயிற்று. நின்று பார்க்கச் சுவர் இல்லாததால் நாம் அதைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

அம்மன்றத்தின் கைகளில் சிக்கியவர்கள் யார்? பெரும்பாலும் திருமுழுக்குப் பெற்றவர்களே. யூத வழிவந்த கிறிஸ்தவர்களும், பழைய வழக்கங்களை மறைவில் பின்பற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் கோவாவில் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா யூத வழிவந்தவர். அவர் மறைந்த மறு ஆண்டே, 1569-இல், அவருடைய சகோதரி தீயிலிட்டுக் கொல்லப்பட்டார். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன.

விசாரணை மன்றத்துக்கு வெளியேயும் வேதனை இருந்தது. 1540 முதல் கோவாத் தீவிலிருந்த கோயில்கள் இடிக்கப்பட்டன. பின்னர், போர்த்துகீசியர் ஆட்சி எட்டாத போண்டா பகுதிக்கு மக்கள் தங்கள் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் காணச் செல்லும் மங்கேஷி கோயிலும் சாந்ததுர்கா கோயிலும் அங்கே எழுந்த காரணம் இதுவே. காலையில் பேராலயத்தையும் மாலையில் அந்தக் கோயில்களையும் பார்க்கிறவர்கள், இரண்டையும் இணைக்கும் இந்தக் கண்ணீரின் பாதையை அறிந்திருக்க வேண்டாமா?

சவேரியாரைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். முத்துக்குளித்துறையின் பரதவ மக்களிடையே அலைந்து, ஜெபங்களைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய உழைப்பும் தியாகமும் மறுக்க முடியாதவை. அதே சவேரியார்தான் 1546-இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் விசாரணை மன்றம் வேண்டுமென்று கேட்டவர். அது நிறுவப்படுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1552-இல், அவர் மரித்துவிட்டார். ஆயினும் கேட்டது கேட்டதுதான். ஒரே மனிதனுக்குள் எரியும் அன்பும் தவறான வைராக்கியமும் சேர்ந்து குடியிருக்கக்கூடும்.

கோவாவின் திருச்சபைக்குள்ளும் இருவகை மனம் இருந்தது. 1577-இல் அங்கே தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேயக் குரு உள்ளூர் மொழியில் ‘கிறிஸ்த புராணம்’ பாடினார். மக்களின் மொழியில் அமர்ந்து பேசிய மனம் அது. ஆனால் 1684-இல், கொங்கணியைக் கைவிட்டுப் போர்த்துகீசியம் பேசவேண்டும் என்று ஆட்சியாளர் ஆணையிட்டார். முதலாவது மனம் அயலானை மதித்தது. இரண்டாவது அவனை அழித்து எழுத நினைத்தது.

“அது கத்தோலிக்கர் செய்தது, நமக்கென்ன?” என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. சீர்திருத்தத்தின் நகரமான ஜெனீவாவில் 1553-இல் செர்வேதுஸ் என்பவர் எரிக்கப்பட்டதை அவர்கள் நினைவுகூரட்டும். எந்தச் சபைக்கும் சுத்தமான கைகள் இல்லை. இன்னொரு புறம், இந்த வரலாற்றைக் காட்டி இன்றைய கோவாக் கிறிஸ்தவர்களைப் பழிதூற்றுகிறவர்களும் உண்டு. அது பெரும் அநீதி. அம்மன்றத்தின் முன் நடுங்கி நின்றவர்களில் அவர்களுடைய முன்னோரும் இருந்தார்கள் என்பதை அவர்கள் மறக்கிறார்கள்.

அதே நகரிலுள்ள புனித அகஸ்டின் கோபுரத்தின் இடிபாடுகளுக்கும் அவசியம் செல்லுங்கள். ஜார்ஜியா நாட்டு அரசி கெட்டெவான், கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்ததற்காக 1624-இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைத் துறவிகள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இடிபாடுகளில் அவை கண்டெடுக்கப்பட்டு, மரபணு ஆய்வுக்குப்பின், 2021-இல் ஒரு பகுதி ஜார்ஜியாவுக்கு வழங்கப்பட்டது. சிந்தித்துப் பாருங்கள். மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்த மறுத்த பெண்ணை இரத்தசாட்சியென்று போற்றிய அதே நகரம், பிறருடைய மனச்சாட்சியைக் கட்டாயப்படுத்தியது. நம்மேல் வாள் ஓங்கப்படும்போது மட்டும் விசுவாச சுதந்திரத்தின் அருமை நமக்கு விளங்குகிறது.

தம்மை ஏற்காத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்து அக்கினியை இறக்க அனுமதி கேட்ட சீஷரை, இயேசு திரும்பிப் பார்த்து அதட்டினார் என்று லூக்கா ஒன்பதாம் அதிகாரம் சொல்லுகிறது. அவர் வேறொரு கிராமத்துக்கு நடந்துபோனார். அவ்வளவுதான். மறுக்கும் மனிதனை விட்டுக் கடந்துபோகத் தெரிந்தவரே நம் ஆண்டவர்.

ஆகவே, சபையாக அங்கே செல்கிறவர்கள் பயணத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விசாரணை மன்றம் இருந்த இடத்தைக் கேட்டறிந்து, பிள்ளைகளோடு அங்கே நின்று, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தானியேல் தன் முன்னோரின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு ஜெபித்ததுபோல நீங்களும் சிறிது நேரம் ஜெபியுங்கள். நம் நாட்டில் சிறுபான்மையினராக வாழும் நாம் வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், அது பிறருக்கும் உரியது என்று சொல்லும் துணிவு அங்கே பிறக்கும். பேராலயத்தின் முன் எடுக்கும் புகைப்படத்தோடு இதையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் பயணங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.