உடையாமல் போய்ச் சேரட்டும் உங்கள் உழைப்பு!



வீட்டில் இருந்தபடியே சுடுமண் நகை, பட்டு நூல் வளையல், மணிமாலை போன்றவற்றைச் செய்து விற்கும் பெண்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினால் போதும். எங்கோ ஓர் ஊரிலிருந்து ஆர்டர் வந்துவிடுகிறது. ஆனால் நகை செய்யும் கலையைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு, அதை அனுப்பும் கலையை நாம் கற்றுக்கொள்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி இருக்கிறார். சுடுமண் நகை செய்வதில் கைதேர்ந்தவர். வெளியூர் மணப்பெண் ஒருத்தி, மருதாணி இடும் நாளில் அணிவதற்காக ஆரமும் ஜிமிக்கியும் கேட்டிருந்தாள். மண் பிசைந்து, நிழலில் உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டி முடிக்கப் பத்து நாட்களாயின. அனுப்பும்போதோ, பஞ்சில் சுற்றி, பழைய இனிப்புப் பெட்டி ஒன்றில் வைத்து, மேலே ஓர் உறையைப் போட்டு ஒட்டிவிட்டார். விழாவுக்கு முதல் நாள் பெட்டி போய்ச் சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு ஜிமிக்கி இரண்டாக உடைந்திருந்தது. ஆரத்தின் பதக்கத்தில் விரிசல்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? "பணம் போனது பெரிதில்லை அக்கா, அந்தப் பிள்ளை கண் கலங்கியிருக்குமே!" என்று சொல்லிவிட்டு, மூன்று மாதங்கள் அவர் களிமண்ணையே தொடவில்லை.

இந்த நிலை உங்களுக்கு வராமலிருக்க, சில வழிமுறைகளைக் காண்போம்.

அசைவே முதல் எதிரி

பார்சல் ஒன்று நம் கையை விட்டுப் போனதும் மூட்டையில் விழுகிறது; வண்டி மாறுகிறது; அதன் மேல் கனமான பெட்டிகள் ஏறுகின்றன. 'உடையக்கூடியது' என்று எழுதி ஒட்டுவது நல்லதே. ஆயினும் அதை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. நகை சிறு பெட்டிக்குள் அசையக் கூடாது. சிறு பெட்டி வெளிப் பெட்டிக்குள் அசையக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தாலே சேதத்தின் பெரும்பகுதி நின்றுவிடும்.

நகைக்கு ஏற்ற கட்டு

சுடுமண் நகைகளை ஒன்றோடொன்று உரசும்படி வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய டிஷ்யூ தாளில் தனித்தனியே சுற்றி, அதன் மேல் பபிள் ரேப் சுற்றுங்கள். ஜிமிக்கியின் உட்குழிவில் தாளைக் கசக்கி மெதுவாக அடையுங்கள். வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்கும். பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் கல்லிலும் கொக்கியிலும் சிக்கிக்கொள்ளும். வண்ணம் முழுமையாகக் காயாமல் கட்டினால் தாள் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறவாதீர்கள்.

மெல்லிய சங்கிலி என்றால், அதன் ஒரு முனையை உறிஞ்சு குழலுக்குள் விட்டு வெளியே எடுத்துக் கொக்கியை மாட்டிவிடுங்கள், முடிச்சு விழாது. கம்மலைத் துளையிட்ட அட்டையில் குத்தித் திருகாணியைப் போட்டுவிடுங்கள். பட்டு நூல் வளையல்களுக்கு நடுவே தடித்த தாளை உருளையாகச் சுருட்டிச் செருகினால் அவை நசுங்குவதில்லை.

வெள்ளி நகைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கச் செய்யும். காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் வையுங்கள். மணமாக இருக்கட்டுமே என்று சிலர் அத்தர் தோய்த்த பஞ்சை உள்ளே வைக்கிறார்கள். பட்டு நூலில் எண்ணெய்க் கறை படியும், முலாமும் மங்கும். தவிர்த்துவிடுங்கள்.

வெளிப் பெட்டியும் முகவரியும்

வெளிப் பெட்டி, உள்ளே நெளிவுகள் கொண்ட கெட்டி அட்டையால் ஆனதாக இருக்கட்டும். சிறு பெட்டியைச் சுற்றி நாற்புறமும், மேலும் கீழும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, கசக்கிய தாளால் இறுக நிரப்புங்கள். மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மீண்டும் திறந்து நிரப்புங்கள்.

அதற்காகப் பெட்டியைத் தேவைக்கு மேல் பெரிதாக்கவும் வேண்டாம். கூரியர் நிறுவனங்கள் பலவும் எடையோடு பெட்டியின் கன அளவையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. 30, 20, 15 அளவுள்ள பெட்டி, உள்ளே 200 கிராம் நகை மட்டுமே இருந்தாலும், 1.8 கிலோவாகக் கணக்கிடப்படும்!

முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடையும் கைப்பேசி எண்ணையும் தெளிவாக எழுதி, மழையில் கரையாதபடி மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்டுங்கள். அதே முகவரியை ஒரு சீட்டில் எழுதி உள்ளேயும் வையுங்கள். வெளிச்சீட்டு கிழிந்தாலும் பார்சல் வழி தவறாது. மேலே 'நகை' என்று பெரிதாக எழுதி அடுத்தவர் ஆசையைத் தூண்ட வேண்டாம். ஒட்டுவதற்கு முன் உள்ளடக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வழக்கு வந்தாலும் சான்று இருக்கும்.

அழகு கடைசியில்

பாதுகாப்பு முடிந்தபின் அழகைக் கவனியுங்கள். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. தைத்து மிஞ்சிய துணியில் ஒரு சுருக்குப் பை, ஒரே நிறத் தாள், ஒரு மெல்லிய நாடா, இவை போதும். நாடாவை உள்பெட்டிக்கு மட்டும் கட்டுங்கள். வெளியே கட்டினால் வழியில் சிக்கி அறுபடும். நகையைப் பராமரிக்கும் முறையை நான்கு வரிகளில் உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். பெட்டியைத் திறப்பவர் முதலில் காண்பது உங்கள் கையெழுத்தாகட்டும்.

பெட்டி, தாள், டேப், அனுப்பும் கட்டணம் ஆகிய அனைத்தையும் நகையின் விலையிலேயே கணக்கிட்டுவிடுங்கள். அதைக் கணக்கில் சேர்க்காதவர்தாம் கடைசியில் பெட்டியில் சிக்கனம் பிடிக்கிறார். பெருநாளுக்கோ திருமணத்துக்கோ என்றால் பத்து நாட்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஒன்று உடைந்தாலும் மாற்று அனுப்ப அவகாசம் இருக்கும்.

எங்கள் தெருச் சகோதரி இப்போது மீண்டும் மண் பிசைகிறார். ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்த பிறகே டேப் ஒட்டுகிறார். "பணம் வாங்கிய பிறகு இது என் நகையில்லை அக்கா, அவர்களுடைய அமானிதம்" என்கிறார்.

நீங்களும் அவ்வாறே எண்ணிக் கட்டுங்கள், சகோதரிகளே!