உடுப்பிட்டி வீட்டின் எச்சரிக்கை மணி யாருக்குக் கேட்கிறது?

உடுப்பிட்டியிலும் அதைச் சுற்றியுள்ள வடமராட்சிக் கிராமங்களிலும் மதிலுக்கு மேல் கமரா பூட்டுவது இப்போது பழைய செய்தி. கதவு நிலையிலும் யன்னல் சட்டத்திலும் தீப்பெட்டி அளவான வெள்ளைப் பெட்டிகளை ஒட்டுவதுதான் புதிது. அவற்றுக்கு வயர் இல்லை. உள்ளே ஒரு சிறிய பற்றரி மட்டும் இருக்கும். கதவு திறந்தால் அந்த உணரி வானலை மூலம் வீட்டுக்குள் இருக்கும் மையப் பெட்டிக்கு அறிவிக்கும். மையப் பெட்டி ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகனின் கைபேசிக்கு அறிவிக்கும்.

பணம் கொடுப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் இருப்பவர்கள் வயோதிபத் தாயும் தந்தையும், அல்லது தாய் மட்டும். சில வீடுகளில் யாருமே இல்லை. போர் எங்கள் ஊர்களில் விட்டுச்சென்ற குடும்ப அமைப்பு இதுதான். அதனால் இந்தக் கருவியை வெறும் நுகர்வுப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வாங்குவதற்கு முன் நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2016 ஒக்ரோபர் 20ஆம் திகதி குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் உயிரிழந்தனர். சில நாட்களில் சுன்னாகத்தில் பொலிஸார் வாளால் வெட்டப்பட்டனர். 'ஆவா' என்ற பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. 2017 ஜூலை இறுதியில் கொக்குவிலிலும் பொலிஸார் மீது வாள்வெட்டு நடந்தது. பொலிஸாருக்கே இந்த நிலை என்றால் தனியே இருக்கும் ஒரு தாய்க்கு என்ன பாதுகாப்பு என்று அன்று எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. வெளிநாட்டுப் பணம் வரும் வீடு என்று ஊருக்கே தெரிந்த வீட்டில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

ஒருவழியும் இருவழியும்

கம்பியில்லா உணரிகளில் இரண்டு வகை உண்டு. மலிவான பழைய வகை ஒருவழி உணரி. கதவு திறந்ததும் அது தன் செய்தியைச் சில தடவைகள் வானலையில் கத்திவிட்டு ஓய்ந்துவிடும். மையப் பெட்டிக்கு அது கேட்டதா என்று உணரிக்குத் தெரியாது. அதே நொடியில் இன்னொரு உணரி கத்தினாலோ, அருகில் வேறு வானலை இரைச்சல் இருந்தாலோ செய்தி தொலைந்துபோகலாம்.

இருவழி உணரி செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மையப் பெட்டி 'கிடைத்தது' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பும். நல்ல தயாரிப்புகளில் வேறு அலைவரிசைக்கு மாறி அனுப்பும். குறித்த இடைவெளியில் 'நான் உயிரோடு இருக்கிறேன், பற்றரி இவ்வளவு இருக்கிறது' என்றும் அறிவிக்கும். அந்த அறிவிப்பு நின்றால் உணரி பழுதாகிவிட்டது அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள் என்று மையப் பெட்டி எச்சரிக்கும். வீட்டில் ஆட்கள் நடமாடும் பகலில் அசைவு உணரிகளை உறங்கச் சொல்வதால் பற்றரியும் மிஞ்சும்.

பூட்டும்போதும் இது உதவும். உணரியை நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டு பரிசோதனைப் பொத்தானை அமத்தினால், அதன் சிறு விளக்கே அந்த இடத்தில் சிக்னல் பலமா, போதுமா, மோசமா என்று காட்டும். ஒருவழி உணரியில் மையப் பெட்டியடியில் ஒருவர் நின்று பார்த்துத்தான் இதை அறிய வேண்டும்.

இது விளம்பரப் பேச்சு அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். 2016 பெப்ரவரியில் ஐஓஆக்டிவ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், அமெரிக்காவில் பரவலாக விற்ற சிம்ப்ளிசேஃப் என்ற கம்பியில்லா வீட்டுப் பாதுகாப்புத் தொகுதியின் குறையை வெளியிட்டது. வீட்டுக்காரர் அமத்தும் இரகசிய எண் மறையாக்கம் செய்யப்படாமல் வானலையில் போனது. வெளியே நிற்பவர் அந்தச் செய்தியைப் பதிவுசெய்து, பிறகு அப்படியே திருப்பி ஒலிபரப்பினால் மணி அணைந்துவிடும். அந்தக் கருவிகளின் மென்பொருளை விற்ற பிறகு மாற்ற முடியாது என்பதால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்தமும் அனுப்ப முடியவில்லை. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இது இருவழியா, செய்தி மறையாக்கம் செய்யப்படுகிறதா, மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா? 'வயர்லெஸ்' என்று பெட்டியில் எழுதியிருப்பது இந்த மூன்றுக்கும் பதில் அல்ல.

வானலையையே இரைச்சலால் மூடிவிடும் கருவியை இருவழி உணரியாலும் முற்றாக வெல்ல முடியாது. ஆனால் வானலை அடைபட்டிருக்கிறது என்பதை மையப் பெட்டி கண்டுகொண்டு அறிவிக்கும். கேட்காமல் போவதற்கும், கேட்கவில்லை என்று தெரிவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறியதல்ல.

எங்கள் வீடுகளில் பூட்டும்போது

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே பூட்டினால் இங்கு சரிவராது. எங்கள் பழைய வீடுகளின் சுவர் தடிப்பானது. யன்னலுக்கு இரும்புக் கிராதி, வாசலுக்கு இரும்புக் கேற். இரும்பில் நேரடியாக ஒட்டிய உணரியின் வானலை பலவீனமாகும், காந்தமும் சரியாக வேலை செய்யாது. மரச்சட்டத்தில் ஒட்ட வேண்டும், அல்லது இடையில் தடித்த பிளாஸ்ரிக் துண்டு வைக்க வேண்டும். மையப் பெட்டி வீட்டின் நடுவே, உயரத்தில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும். விறாந்தையில் வைத்தால் கள்ளர் முதலில் உடைப்பது அதைத்தான்.

ஓட்டு வீடுகளில் கள்ளர் எப்போதும் கதவால் வருவதில்லை. ஓட்டைக் கழற்றி இறங்குவார்கள். கதவு உணரி மட்டும் உள்ள வீட்டில் அவர்கள் வந்து போவது யாருக்கும் தெரியவராது. நகை, பணம் இருக்கும் அறைக்குப் போகும் வழியில் ஓர் அசைவு உணரி கட்டாயம் வேண்டும்.

அசைவு உணரிக்கும் எங்கள் காலநிலை ஒரு சோதனை. மனித உடலின் வெப்பத்துக்கும் பின்னால் உள்ள சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. சித்திரை வெயிலில் சூடேறிய அறையில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். ஆகவே வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்யும் உணரியாகப் பார்த்து வாங்க வேண்டும். பல்லி கண்ணாடி மேல் ஏறினாலும் மணி அடிக்கலாம். தேவையில்லாமல் நாலு தரம் அடித்தால் ஐந்தாம் தரம் அடிக்கும்போது ஒருவரும் எழும்பமாட்டார்கள்.

கனடாவில் வாங்கிய பெட்டி

விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். இந்தக் கருவியில் அது சிக்கலைத் தரும். ஐரோப்பாவில் இவ்வகை உணரிகள் பெரும்பாலும் 868 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. வட அமெரிக்காவில் 902 தொடக்கம் 928 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியைப் பல தயாரிப்புகள் பயன்படுத்துகின்றன. இலங்கையில் கைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் 900 பட்டையின் ஒரு பகுதி 915 வரை இருக்கிறது. கனடாவில் சட்டபூர்வமான கருவி இங்கே கைபேசிச் சேவையின் அலைவரிசைக்குள் நுழைந்துவிடலாம். மின்சாரமும் அங்கே 120 வோல்ற், இங்கே 230 வோல்ற்.

இந்த நாட்டில் வானலைக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற கருவியை உள்ளூரில் வாங்குவதே நல்லது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. வீட்டில் ஒரு வானலைக் கருவி இருந்தாலே சந்தேகத்துக்கு உள்ளாகும் காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், விளக்கம் சொல்ல முடியாத ஒரு பெட்டியை வயோதிபத் தாயின் வீட்டில் விட்டுப் போவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல.

மணி அடித்த பிறகு

உணரிக்கும் மையப் பெட்டிக்கும் இடையே கேள்வியும் பதிலும் உண்டு. மையப் பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது? எங்கள் ஊர்களில் அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது. மையப் பெட்டிக்குள் சேமிப்புப் பற்றரி இருக்கும். இணையத்தைத் தரும் றவுட்டருக்கு இருக்காது. கரண்ட் போனால் மணி வீட்டுக்குள் அடிக்கும், ரொறன்ரோவுக்குப் போகாது. ஆகவே சிம் அட்டையும் போடக்கூடிய மையப் பெட்டியை எடுக்க வேண்டும், றவுட்டருக்கும் ஒரு சேமிப்பு மின்கலம் வைக்க வேண்டும்.

அடுத்தது மனிதர். இரவு இரண்டு மணிக்கு இங்கே மணி அடித்தால் ரொறன்ரோவில் அது முந்திய நாள் பின்னேரம். மகன் வேலையில் நிற்பார். பார்த்தாலும் அவர் யாருக்கு எடுப்பது? 119க்கு எடுக்கலாம், ஆனால் அது இலங்கைக்குள் இருப்பவருக்கான இலக்கம். அதைவிட, தமிழில் பேசித் தமிழில் முறைப்பாடு எழுத முடியாத அனுபவம் வடக்கில் பலருக்கு உண்டு. 1987இன் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்ட மாகாணப் பொலிஸ் அதிகாரம் இன்றுவரை எந்த மாகாணத்துக்கும் கைமாறவில்லை. 2011 ஓகஸ்டில் நாவாந்துறையில் 'கிறீஸ் பூதம்' என்று மக்கள் துரத்திய வேளையில், அன்றிரவு அடிவாங்கியதும் கைதானதும் ஊர்ச்சனம்தான். கூப்பிட்டால் வருபவர் யாருக்காக வருவார் என்ற சந்தேகம் அப்படித்தான் எங்களுக்குள் ஊறியது. மணி அடித்தும் பொலிஸுக்கு எடுக்காமல் விடும் வீடுகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மாமி ஒருவரிடம் புதிய கருவியைப் பற்றிக் கேட்டேன். "அது கத்தும் எண்டு தெரியும் தம்பி. கத்தினாப் பிறகு நான் எங்கை ஓடுறது?" என்றார். இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான்.

முன்பு பதில் வேலிக்கு அப்பால் இருந்தது. கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். நாய் குரைத்தால் அடுத்த வளவிலிருந்து "என்ன சத்தம்?" என்று ஒரு குரல் வரும். போர்க்கால இரவுகளில் நாய் குரைப்பின் திசையை வைத்தே ஆமி எங்கே நடக்கிறது என்று ஊர் கணித்தது. இன்று வேலி இருந்த இடத்தில் ஆறடி மதில். மதிலின் இருபுறமும் வெறும் வீடுகள். பாதுகாப்புக்காகக் கட்டிய மதில் பக்கத்து வீட்டுக் காதையும் மூடிவிட்டது.

தகவல் எங்கே போகிறது

கமரா இல்லாவிட்டாலும் இந்த உணரிகள் ஒரு நாட்குறிப்பை எழுதுகின்றன. வீடு எப்போது பூட்டப்பட்டது, எத்தனை மணிக்குத் திறந்தது, எந்த நாட்களில் யாரும் இல்லை என்பதெல்லாம் வேறு நாடொன்றில் இருக்கும் நிறுவனத்தின் கணினியில் சேரும். 2011இல் யாழ்ப்பாணத்தில் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிந்து படம் எடுத்தபோது அதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார் என்ற தகவலின் விலை எங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. இன்று அதைவிட நுணுக்கமான தகவலை நாங்களே பணம் கட்டிக் கொடுக்கிறோம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்னர் தள்ளிப்போடப்பட்டது. ஆகவே பொறுப்பு இப்போதைக்கு எங்களுடையது. கருவியோடு வரும் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். பூட்ட வந்த பொடியனின் கைபேசியில் வீட்டுக் கணக்கு திறந்தபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களும் செயற்பாட்டாளர்களும், படம் பிடித்து வெளிநாட்டில் சேமிக்கும் கருவியை விட, வீட்டுக்குள்ளேயே பதிவை வைத்திருக்கும் கருவியைத் தெரிவது நல்லது.

என்ன செய்யலாம்

உணரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியே இருக்கும் தாய்க்கு, கழுத்தில் தொங்கவிடும் இருவழி அவசரப் பொத்தான் ஒன்று கள்ளரை விட வழுக்கி விழும்போதே அதிகம் உதவும். அமத்தியதும் அதன் விளக்கு எரிந்து 'செய்தி போய்விட்டது' என்று காட்டுவதே ஒரு தைரியம்.

ஆனால் பூட்டுவதற்கு முன்பு, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மூன்று பேரைக் குடும்பம் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் பக்கத்து வீடு, ஒருவர் உறவு, ஒருவர் மோட்டார் சைக்கிள் உள்ள இளைஞர். மையப் பெட்டியின் அழைப்புப் பட்டியலில் வெளிநாட்டு மகனின் இலக்கத்துக்கு முன் அவர்களின் இலக்கம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, மணியை அடித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கருவிக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை, ஒரே ஒழுங்கையில் உள்ள ஐந்தாறு வீடுகள் சேர்ந்து இப்படி ஓர் ஏற்பாடு செய்வதற்குக் கொடுக்கலாம். சனசமூக நிலையங்கள் இதைப் பொறுப்பெடுக்க முடியும்.

பொலிஸ் தரப்பிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வடக்கில் 119க்கு எடுக்கும் ஒருவருக்கு எந்நேரமும் தமிழில் பதில் கிடைக்க வேண்டும், முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எங்கள் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் மாவட்ட வாரியாகக் கேட்க வேண்டிய கணக்கு இது: வடக்கின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவுக் கடமையில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் எத்தனை பேர்?