காரில் சின்ன அடி: காப்புறுதியில் கேட்கும் முன் கணக்குப் பாருங்கள்

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரச் சாலைகளில் மணல் லோரிகளுக்கும் செம்பனை லோரிகளுக்கும் நடுவில்தான் நம்மவர்களின் கார்கள் ஓடுகின்றன. கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவதும், பின்னால் வந்த கார் பம்பரில் இடிப்பதும் இங்கே புதிதல்ல. ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறோம், காப்புறுதியில் கேட்டால் என்ன என்று தோன்றும். சிறிய சேதத்திற்கு அது நட்டத்தில் முடியலாம்.

காரணம், என்சிடி எனப்படும் கழிவு. இழப்பீடு கேட்காத தனியார் காருக்கு இது ஆண்டுக்கு ஆண்டு 25, 30, 38.33, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டைத் தொடும். நம் சொந்தக் காப்புறுதியில் ஒரு முறை கேட்டால், அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம்.

கழிவுக்கு முன் சந்தா 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு உள்ளவர் கட்டுவது 540 வெள்ளி. கழிவை இழந்தால் 1,200, 900, 840, 740, 660 என்று ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 1,640 வெள்ளி. பட்டறைச் செலவு 800 வெள்ளி என்றால், கைப்பணத்தில் செய்வதே லாபம். 10 வயதான காருக்குப் புது உதிரிப்பாகம் போட்டால், அதன் விலையில் 40 விழுக்காடு வரை நம் தலையில் விழலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தவறு எதிர்த்தரப்பினுடையது என்றால் கணக்கு வேறு. முழுக் காப்புறுதி உள்ளவர், 'நோக் ஃபோர் நோக்' முறையில் தன் நிறுவனத்திடமே கேட்கலாம், என்சிடி குறையாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர் எதிர்த்தரப்பின் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் போலீஸ் புகார் தேவை. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் புகார் செய்ய வேண்டும். "சம்மன் வரும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று இடித்தவர் நீட்டும் 200 வெள்ளியை வாங்கிக்கொண்டு, புகார் செய்யாமல் போனால், பட்டறையில் 1,000 வெள்ளி கேட்கும்போது போக வழியிருக்காது.

கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. கூடுதல் சந்தா கட்டி அதை எடுத்திருந்தால், கண்ணாடி மாற்றினாலும் என்சிடிக்குப் பாதிப்பில்லை. லோரிகள் ஓடும் நம் வட்டாரத்தில் இது வீண் செலவல்ல.

அடுத்த முறை ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது முகவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: என் என்சிடி எவ்வளவு? முழுக் காப்புறுதியா, மூன்றாம் தரப்பா? கண்ணாடிக்குப் பாதுகாப்பு உண்டா? பதிலைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது பணம் கட்டுபவரின் உரிமை.