நாலு வரியில் ஒரு நாடு



டிப்ளமோ முடிக்கிற கையோடு நம்மில் பலர் வாங்கும் முதல் புத்தகம் பொது அறிவுப் புத்தகம்தான். ரயில்வேயா, மின்வாரியமா, சர்வீஸ் கமிஷனா, எந்தப் பரீட்சைக்கும் அது வேண்டும். அதில் உலக நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒரு நாட்டுக்கு நாலே வரி. பரப்பளவு, மக்கள் தொகை, மொழி, நாணயம். "மனப்பாடம் பண்ணிடு, ஒரு மார்க் நிச்சயம்" என்று சீனியர் அண்ணன்மார் சொல்வார்கள். நானும் மனப்பாடம் செய்கிறவன்தான். ஆனால் அந்த நாலு வரி ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வதைவிட மறைப்பதே அதிகம் என்பது என் கருத்து. சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொண்டு அந்த நாலு வரியையும் தட்டிப் பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது எஸ்டோனியா. ஏன் அந்த நாடு என்று கேட்பீர்கள். எலெக்ட்ரிக்கல் படிப்பவன் என்பதால் 2025 பிப்ரவரியில் அந்த நாட்டின் மின்கட்டமைப்பில் நடந்த ஒரு காரியம் என்னை இழுத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வரி: பரப்பளவு

சுமார் 45,300 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வடக்கே பின்லாந்து வளைகுடா, அதைத் தாண்டினால் சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்சிங்கி. தெற்கே லாட்வியா. கிழக்கே ரஷ்யா.

தரை கிட்டத்தட்ட தட்டை. நாட்டின் மிக உயர்ந்த இடம் சூர் முனமாகி. உயரம் 318 மீட்டர்தான். அந்தப் பெயருக்குப் 'பெரிய முட்டை மலை' என்று பொருள். நம் ஊர்க்காரன் பார்த்தால் "இதையா மலைன்னு சொல்றீங்க?" என்று கேட்பான். பாதி நாடு காடு. சதுப்பு நிலமும் ஏராளம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் பெரியது சாரேமா. பனியுகத்தில் மேலே அழுத்திக் கிடந்த பனிப்பாளம் உருகிப் போனதால் வடமேற்குக் கரை இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. நாட்டின் பரப்பளவே மெல்ல வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

புத்தகம் சொல்லாத விஷயம் எல்லை. கிழக்கெல்லையின் பெரும்பகுதி நிலத்தில் இல்லை. பெய்பஸ் என்ற மாபெரும் ஏரியின் நடுவில் ஓடுகிறது. பிறகு நார்வா ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போகிறது. நார்வா நகரில் ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ரஷ்யாவின் இவான்கொரோத் கோட்டை. நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மலையும் இல்லை, பாலைவனமும் இல்லை. தட்டைத் தரை, பக்கத்தில் பெரிய அண்டை நாடு. டேனிஷ்காரன், ஜெர்மானிய வீரர்கள், ஸ்வீடன், ரஷ்ய ஜார் என்று வந்தவரெல்லாம் ஆண்டுவிட்டுப் போனதற்கு இந்தப் பூகோளம் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் வரி: மக்கள் தொகை

பதின்மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் நாலரை லட்சம் பேர், தலைநகர் டாலினில். அடுத்த ஊர் டார்ட்டு, ஒரு லட்சத்தை ஒட்டி. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 30 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி அது 555.

இங்கேதான் நான் நிறுத்திக் கேட்கிறேன். அந்த எண் எப்படி வந்தது?

1934ல் கணக்கெடுத்தபோது மக்கள் தொகை 11,26,413. அதில் நூற்றுக்கு 88 பேர் எஸ்டோனியர். 1989ல் 15,65,662. எஸ்டோனியர் நூற்றுக்கு சுமார் 61 பேர்தான். 2011ல் 12,94,455. 2021ல் 13,31,824, எஸ்டோனியர் 69 சதவீதம். ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பிறப்பு இறப்புக் கணக்கு மட்டும் இப்படி ஆடாது.

1918ல் சுதந்திரம் அறிவித்த நாடு 1940ல் சோவியத் படையிடம் அதை இழந்தது. 1941 ஜூனில் ஒரே வாரத்துக்குள் சுமார் பத்தாயிரம் பேரைக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி உள்நாட்டுக்கு நாடு கடத்தினார்கள். பிறகு ஜெர்மன் படை வந்தது. நாட்டை விட்டுத் தப்பாமல் இருந்த யூதர்கள் சுமார் ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். 1944ல் சோவியத் படை திரும்பியபோது பல்லாயிரம் பேர் படகேறி ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் ஓடினார்கள். 1949 மார்ச்சில் மறுபடி ரயில், இருபதாயிரம் பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். இருபது கோடி பேர் உள்ள நாட்டில் இருபதாயிரம் என்பது ஒரு புள்ளி. பதினோரு லட்சம் பேர் உள்ள நாட்டில் அது ஒவ்வொரு ஊரிலும் ஒரு காலி வீடு.

காலியான இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சோவியத் ஆட்சி ஆலை கட்டியது, சுரங்கம் தோண்டியது. அவற்றுக்கு ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் பக்கமிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தது. 1944 போரில் இடிந்துபோன நார்வாவில் பழைய குடிகள் திரும்பிவர விடப்படவில்லை. அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுவோர். 1991 ஆகஸ்ட் 20ல் சுதந்திரம் திரும்பியதும் பலர் கிளம்பிப் போனார்கள். பிறப்பும் குறைந்தது. 2022ல் உக்ரைன் போர் முற்றியபின் அகதிகள் வந்ததால் எண் மீண்டும் ஏறியது.

இத்தனையும் அந்த ஒரே வரிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, நண்பர்களே! இதைப் படித்தபின் அந்த எண்ணை வெறும் எண்ணாக என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாம் வரி: மொழி

எஸ்டோனியம். ரஷ்ய மொழிக்கும் ஜெர்மனுக்கும் பக்கத்து லாட்விய மொழிக்கும் அது உறவே இல்லை. பின்னிஷ் மொழிக்குத் தங்கை. உலகம் முழுக்கச் சேர்த்தாலும் பேசுகிறவர்கள் சுமார் பதினோரு லட்சம் பேர்.

"இத்தனூண்டு பேருக்கு இன்ஜினியரிங் புத்தகம் யார் எழுதுவா?" என்று கேட்கத் தோன்றும். அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. சுதந்திரம் அறிவித்த அதே 1918ல் டாலினில் எஸ்டோனிய மொழியிலேயே பொறியியல் வகுப்புகளைத் தொடங்கினார்கள். இன்றைய டாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1632ல் தோன்றிய டார்ட்டு பல்கலைக்கழகம் 1919ல் எஸ்டோனியத்துக்கு மாறியது. சொல் இல்லையே என்ற கவலைக்கு யோஹான்னஸ் ஆவிக் என்பவர் விடை கண்டார். பழைய சொல்லைத் தேடுவதோடு நில்லாமல் புதுச் சொற்களைத் தானே உண்டாக்கினார். ஆயுதத்துக்கு அவர் உண்டாக்கிய 'ரெல்வ்' என்ற சொல் இன்று அந்த ஊரில் சாதாரணப் பேச்சு.

ஆக, மொழி பிழைப்பது பேசுகிறவரின் எண்ணிக்கையால் மட்டும் அல்ல. அதில் பாடம் நடக்கிறதா, வேலை நடக்கிறதா என்பதால். நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய சங்கதி இது.

நான்காம் வரி: நாணயம்

பழைய புத்தகத்தில் 'குரூன்' என்று இருக்கும். தப்பு. 2011 ஜனவரி முதல் யூரோ. குரூன் 1992 ஜூனில் வந்தது. சோவியத்தில் இருந்து பிரிந்த நாடுகளில் ரூபிளை முதலில் கைவிட்டது எஸ்டோனியாதான். எட்டு குரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிப் போட்டார்கள். ஒரே ஆயுளில் குரூன், ரூபிள், ஜெர்மன் பணம், மறுபடி ரூபிள், மறுபடி குரூன், யூரோ என்று எண்ணிய பாட்டிமார் அந்த ஊரில் உண்டு. பணம் மாறிய ஒவ்வொரு தடவையும் அநேகமாக ஆட்சியும் மாறியது.

புத்தகத்தில் இல்லாத ஐந்தாம் வரி: மின்சாரம்

இனி நம் துறைக்கு வருவோம். எஸ்டோனியாவில் நிலக்கரி கிடையாது. வடகிழக்கில் ஆயில் ஷேல் கிடைக்கிறது. எஸ்டோனிய மொழியில் அதன் பெயரே 'எரியும் கல்'. எரித்தால் கிட்டத்தட்ட பாதி எடை சாம்பலாக மிஞ்சும். நார்வாவின் பெரிய அனல் நிலையங்கள் அதில்தான் ஓடிவந்தன. சுரங்கத்திலும் பாய்லர் பக்கமும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அந்த ரஷ்ய மொழித் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

சுதந்திரம் வந்து முப்பது வருஷம் கழிந்தும் ஒரு கயிறு அறுபடவில்லை. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ரஷ்ய கிரிட்டோடு சின்க்ரனைஸ் ஆகியே இருந்தன. அவர்கள் வீட்டு விளக்கின் 50 ஹெர்ட்ஸ் பிரீக்வென்சி மாஸ்கோவின் கட்டுப்பாட்டில் இருந்தது! 2025 பிப்ரவரி 8ம் தேதி மூன்று நாடுகளும் லைனைத் துண்டித்தன. ஒரு நாளைக்கு மேல் தனித்தீவாக, சொந்த பிரீக்வென்சியில் ஓடின. 9ம் தேதி போலந்து வழியாக ஐரோப்பிய கிரிட்டோடு இணைந்தன. ஊர் இருளவில்லை. அதற்காகவே எஸ்டோனியா மூன்று சின்க்ரோனஸ் கண்டென்சர்களை நிறுவியிருந்தது. மெஷின்ஸ் பேப்பருக்காக நாம் படிக்கிறோமே, அதே சமாச்சாரம். அது மின்சாரம் தயாரிக்காது. சும்மா சுற்றிக்கொண்டே இருந்து வோல்டேஜையும் இனர்ஷியாவையும் தாங்கும். ஒரு தேசத்தின் சுதந்திரத்தில் நம் பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

என் கருத்து

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த நாட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆட எனக்கு விருப்பமில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1940க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டுமே தானாகக் குடியுரிமை கிடைத்தது. மற்றவர்கள் மொழித் தேர்வு எழுத வேண்டும். 1992ல் நாட்டில் மூன்றில் ஒருவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. இன்றும் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டோடு ஐம்பது, அறுபது ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ரஷ்ய வழிப் பள்ளிகள் படிப்படியாக எஸ்டோனியத்துக்கு மாறுகின்றன. 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அங்கே வசிக்கும் ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமையை எடுத்துவிட்டார்கள். நாடற்றவர்களுக்கும் அந்த ஆண்டுத் தேர்தலே கடைசி.

மொழிப் படிப்பை நான் ஆதரிக்கிறேன். பிள்ளைக்கு நாட்டு மொழி தெரியாவிட்டால் நல்ல வேலை கிடைக்காது. அவன் நார்வாவிலேயே முடங்குவான். ஆனால் வாக்குரிமையைப் பறித்தது சரி என்று எனக்குப் படவில்லை. உக்ரைனில் நடப்பதைப் பார்க்கிற சின்ன நாட்டுக்குப் பயம் வருவது நியாயம். ரயிலேற்றப்பட்டவரின் பேரப்பிள்ளைக்கு அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கும். இருந்தாலும் ஆலைக்கு வேலைக்கு வந்தவரின் பேரப்பிள்ளை ஆக்கிரமிப்பாளன் ஆகிவிட மாட்டான். அவன் தாத்தா தள்ளிய எரியும் கல்லில்தான் எத்தனையோ ஆண்டு டாலின் வெளிச்சம் பெற்றது. ஆள் குறைந்த நாடு ஒரு ஆளையும் வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது. மொழிக்காக இத்தனை பாடுபட்ட மக்களுக்கு இது புரியாமல் போகாது என்று நம்புகிறேன்.

நண்பர்களே, பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பரீட்சைக்கு நாலு வரி போதும், படியுங்கள், மார்க் வாங்குங்கள். ஆனால் மக்கள் தொகை என்ற வரி வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்து "இந்த எண் எப்படி வந்தது? இதில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது. ஆனாலும் கேளுங்கள்.

- இறுதியாண்டு மாணவன்,
மின்னியல் பிரிவு