மழைக்கு முன்னால் சிமென்ட் களம்

பெரம்பலூர் மாவட்டத்து வாசகி ஒருவரின் கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால், கரிசல் மண்ணில், 6 வருடத்துக்கு முன்பு போட்ட சிமென்ட் களம். நடுவில் நீளமாக ஒரு விரிசல். குளியலறைத் தண்ணீர் போகிற வடக்கு ஓரம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. மழைக்காலம் முழுக்கப் பாசி. போன கார்த்திகையில் மாமியார் அதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். தையில் மக்காச்சோளம் வந்தால் இதே களத்தில்தான் காய வேண்டும். 'எபாக்ஸி ரெசின் அடித்துவிட்டால் விரிசலும் போகும், பாசியும் போகும்' என்று கடைக்காரர் சொல்கிறாராம். நகையை அடகு வைத்தாவது அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். எபாக்ஸி கெட்ட சரக்கு இல்லை. தொழிற்சாலை, மருத்துவமனை போலக் கூரைக்கு அடியில் இருக்கும் தரைக்கு அது நல்லது. வெட்டவெளியில் வெயில் பட்டால் மஞ்சளாகி, மேல்பகுதி மாவு மாதிரி உதிரத் தொடங்கும். அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையில் அடித்தால் கொப்புளம் விட்டுப் பெயர்ந்து வரும். பெயர்ந்த துணுக்கு தானியத்தோடு கலக்கும். மழமழப்பான பூச்சு நனைந்தால் இன்னும் வழுக்கும். அந்த வீட்டில் இன்னொருவர் விழக் கூடாது.

களத்தில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. முழ அகலப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஒட்டி மறுநாள் சாயங்காலம் பிரிக்க வேண்டும். தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீரோ, தரையில் கறுத்த ஈரமோ இருந்தால், மண்ணிலிருந்து ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம்.

நோய் எங்கே என்பதை வாசகியே எழுதிவிட்டார்: குளியலறைத் தண்ணீர். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். களத்தின் நடுப்பகுதி மண் காய்ந்தே கிடக்க, ஓரத்து மண் மட்டும் தினமும் குடித்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். மேலே இருக்கும் காரை பிளக்காமல் என்ன செய்யும்? மேலே எதைப் பூசினாலும் கீழே மண் அசைவது நிற்காது. ஆகவே முதல் செலவு, குளியலறைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தள்ளி ஒரு வாழைக் குழிக்குக் கொண்டுபோவது. களத்தின் ஓரத்தை ஒட்டி மண் வாய்க்கால் வெட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கரிசலில் அது தண்ணீரை அடித்தளத்துக்கே ஊட்டுகிற வேலை. ஓரத்து மண்ணை வெளிப்பக்கம் சரிவாக அணைத்து, நாலைந்து அடி தள்ளித்தான் வாய்க்கால் போக வேண்டும்.

அடுத்து வாட்டம். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு இருந்தால் மழைநீர் தானே வடியும். நாலு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, தேங்கும் இடங்களைக் கரித்துண்டால் வட்டம் போட்டு வைக்க வேண்டும். அந்த இடங்களில் மட்டும் மட்டப்படுத்தினால் போதும். மெல்லிசாக இழுத்துவிட்ட பூச்சு ஒரே வருடத்தில் ஏடு ஏடாகப் பெயரும். பள்ளத்தின் விளிம்பை ஒரு அங்குலமாவது நேராகக் கொத்தி, தூசி போகக் கழுவி, சிமென்ட் பால் தடவி, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை போட வேண்டும். கரணையால் மழமழவென்று தேய்த்து விடுவதுதான் கொத்தனாருக்குப் பெருமை. இங்கே அது வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்ல வேண்டும். பிறகு 7 நாள் ஈரச்சாக்கு.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். எனவே இந்த வேலை புரட்டாசி பாதிக்குள் முடிந்தாக வேண்டும். நடு விரிசலில் சிமென்ட் அடைத்தால் மண் அசையும்போது பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். தார் ஊற்றினால் வெயிலில் இளகித் தானியத்தில் ஒட்டும். விரிசலைச் சுத்தம் செய்து, அரை அங்குலம் விட்டு மணல் நிரப்பி, மேலே பாலியூரிதேன் சீலண்ட் வைத்தால் அசைவுக்கு ஈடுகொடுக்கும். இறங்கிய வடக்கு ஓரத்தை இந்த வருடம் தொட வேண்டாம். அறுவடை முடிந்து கோடையில் உடைத்து, கரிசலை வெட்டியெடுத்துக் கிராவல் கொட்டித் திமிசு போட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது நல்லது. பொத்தல் சத்தம் வந்தால் அடியில் எலி வளை இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். வெறும் கையை விடக் கூடாது.

பாசிக்குக் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆசிட் பாசியோடு சிமென்ட்டையும் தின்னும். தரை குழி குழியாகி அடுத்த மழையில் பாசி இரட்டிப்பாக வரும். காய்ந்திருக்கும்போதே கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்ததை ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும். கழுவிய தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கோ மீன் குட்டைக்கோ போகக் கூடாது. விரிசல் புல்லுக்குக் களைக்கொல்லி வேண்டாம், உணவு காயும் இடம். கொதிக்கும் தண்ணீர் போதும்.

இத்தனை பாடு தரைக்காக அல்ல. ஈரத் தரையில் காயும் மக்காச்சோளத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வந்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பூத்த தானியத்தைக் கழுவினாலும் மறுபடி காயவைத்தாலும் வேகவைத்தாலும் இது போய்விடாது. 'வீணாக்குவானேன்' என்று மாட்டுக்குப் போட்டால் பால் வழியாகப் பிள்ளைகளுக்கே திரும்பி வரும். தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும்.

தையில் சோளத்தைக் கொட்டுவதற்கு முதல் நாள் அந்தப் பிளாஸ்டிக் தாளை இன்னொரு முறை ஒட்டிப் பார்க்கலாம். அடியில் ஈரம் தெரிந்தால் தார்ப்பாய் விரித்து அதன்மேல் கொட்ட வேண்டும். பனி இறங்குவதற்குள் குவித்து மூடிவிட்டு, காலையில் தரை சூடேறிய பிறகே மறுபடி பரப்ப வேண்டும்.