தேதியும் பெயரும்

லண்டனின் ஹவுன்ஸ்லோவில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் மழைச் சத்தம் மாதிரி. மேற்கிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஹீத்ரூ விமான நிலையத்துக்குப் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நொடி நிறுத்தி, அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை காலை நான் கண் விழித்ததே அந்தச் சத்தம் இல்லாததால்தான்.

முதல் நாள் இரவு, இங்கிருந்து சில மைல் தள்ளி ஹேய்ஸில் இருக்கும் நார்த் ஹைட் துணை மின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்துவிட்டது. ஏறத்தாழ 67,000 வீடுகளும் கடைகளும் இருண்டன. ஹீத்ரூ அன்று மாலை வரை மூடிக் கிடந்தது. 1,300க்கும் மேற்பட்ட விமானங்களின் பயணம் குலைந்தது.

ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையை நான் வரி வரியாகப் படித்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் புஷிங் என்ற பாகத்துக்குள் ஈரம் புகுந்ததே தீக்குப் பெரும்பாலும் காரணம் என்றது. அந்த ஈரம் புதிதல்ல. 2018 ஜூலையில் எண்ணெய் மாதிரியைச் சோதித்தபோதே, இருக்கக்கூடாத அளவு ஈரம் தெரிந்திருக்கிறது. பதிவும் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு செய்திருக்கவேண்டிய வேலை நடக்கவில்லை. ஏறக்குறைய ஏழு வருடம் அந்த எண் ஏட்டில் இருந்தது.

அந்த வரியைப் படித்ததும் என் வயிறு கலங்கியது. ஏனென்றால் என் தொழிலும் இப்படி எச்சரிக்கைகளைக் கவனிப்பதுதான். நான் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களைப் பராமரிப்பவள். எனக்கும் வாரந்தோறும் எச்சரிக்கைகள் வருகின்றன. அவற்றில் யாரும் விரும்பாத வேலையைக் கேட்பவை ஃபர்ம்வேர் அப்டேட்கள்.

ஒரு சர்வரின் பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது யுனிக்ஸ் அல்ல. பலகையில் ஒட்டியிருக்கும் சிறு சிப்பில் எழுதி வைத்த நிரல். அது நினைவகத்தைச் சோதிக்கும், விசிறிகளைச் சுழற்றிப் பார்க்கும், டிஸ்க்குகளைத் தேடும். எல்லாம் சரி என்றால்தான் யுனிக்ஸை எழுப்பிச் சாவியைக் கையில் கொடுக்கும். டிஸ்க்குக்குள் ஒன்று, நெட்வொர்க் கார்டுக்குள் ஒன்று என்று ஒரே பெட்டிக்குள் இப்படிப் பல உண்டு. 1967ல் ஆஷர் ஓப்ளர் என்பவர், வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நிற்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயரிட்டார். தமிழில் நிலைப்பொருள் என்கிறோம். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். வீட்டில் கதவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நிலையைக் கழற்றினால் சுவரும் சேர்ந்து ஆடும்.

அந்த ஆட்டத்துக்குப் பயந்துதான் பலர் தொடுவதில்லை. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி, வந்த புதிதில் கேட்டான்: “ஒழுங்கா ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை ஏன் அக்கா நோண்டுவான்?”

அவனுக்கு நான் சொன்னது டிஸ்க்குகளின் கதை. 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு அனுப்பியது. அதன் சர்வர்களில் இருந்த சில வகை எஸ்எஸ்டி டிஸ்க்குகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். டிஸ்க்கும் திரும்பாது, அதிலிருந்த தகவலும் திரும்பாது. கணினி படித்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் புரியும். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் 32,768. குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் 32,767க்கு மேல் எழுத இடமில்லை.

ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்கும் என்று நம்பித்தான் நாங்கள் ரெய்டு முறையில் டிஸ்க்குகளை அடுக்குகிறோம். ஆனால் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போய்விட்டால் யார் யாரைத் தாங்குவது? கட்டளை வரியில் ஒரு ஃபர்ம்வேர் கோப்பை ஓட்டினால் இந்த விதி மாறிவிடும். நேரத்துக்குள் ஓட்டவேண்டும், அவ்வளவுதான். அதுவரை டிஸ்க் எந்த அறிகுறியும் காட்டாது. 32,767வது மணியிலும் ‘ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்’ அது.

எங்கள் சர்வர் அறையில் அந்த வகை டிஸ்க் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த வாரம் உட்கார்ந்து எல்லா டிஸ்க்குகளின் ஓட்ட நேரத்தையும் எடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பழக்கம் அப்படித் தொடங்கியது. எச்சரிக்கை வந்தால் அது நோட்டில் ஏறும். பக்கத்தில் செய்து முடிக்கவேண்டிய தேதி. அதன் பக்கத்தில் செய்பவரின் பெயர். இந்த இரண்டும் இல்லாத எச்சரிக்கை நோட்டில் இருக்கக்கூடாது.

எச்சரிக்கையைக் கண்டதும் செயல்படுவது என்றால், நார்த் ஹைட்டின் ஈரத்தோடு இந்த ஊரின் இன்னொரு ஈரமும் நினைவுக்கு வருகிறது. 1784ல் ஜெனரல் வில்லியம் ராய் இந்த ஹவுன்ஸ்லோ ஹீத் வெளியில்தான் பிரிட்டிஷ் நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். 27,404 அடி, ஐந்து மைலுக்குச் சற்று மேல். அந்த ஒரு கோட்டின் நீளத்தை நம்பித்தான் அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அளந்து கிரீனிச்சையும் பாரிஸையும் இணைத்தார்கள். அடிக்கோடு பிசகினால் அத்தனையும் பிசகும். அளக்க அவர் கொண்டுவந்தவை பைன் மரக்கோல்கள். வேலை நடக்கும்போதே, காற்றின் ஈரத்தில் கோல்கள் நீளுவதைக் கண்டுகொண்டார். அதனால் கோல்களை ஒதுக்கிவிட்டு, கண்ணாடிக் குழாய்களைச் செய்ய வைத்து அவற்றைக் கொண்டு அளந்தார். கோட்டின் ஒரு முனையைக் குறிக்கும் பீரங்கி இன்றும் ஹீத்ரூவின் வடக்குச் சுற்றுச்சாலை ஓரம் நிற்கிறது. 1802ல் இந்திய நில அளவைக்காக லாம்டன் என்ற அதிகாரி இதே வேலையைத் தொடங்கியது நான் பிறந்து வளர்ந்த சென்னைப் பரங்கிமலையில். அதனால் இந்த ஊரில் வந்து குடியேறியதை நான் தற்செயல் என்று நினைப்பதில்லை.

போன சனிக்கிழமை இரவு, ஐபிஎம்மின் யுனிக்ஸான ஏஐஎக்ஸ் ஓடும் ஒரு சர்வரின் ஃபர்ம்வேரை மாற்றும் முறை. என் சமையலறை மேசையிலிருந்து நான், அங்கே டேட்டா சென்டரில் தம்பி. முதலில் இப்போதைய பதிப்பைக் கேட்கும் கட்டளை. பிறகு புதிய கோப்பின் செக்சம். இறங்கிய கோப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வெளியீட்டுக் குறிப்பை இருவரும் தனித்தனியாகப் படித்தோம். பேக்கப் எடுத்தோம். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தோம். கன்சோல் இணைப்பு தனி வழியில் வருகிறதா என்று பார்த்தோம், ஏனென்றால் யுனிக்ஸ் எழாவிட்டால் பேச அது ஒன்றுதான் வாசல். டேட்டாபேஸை நிறுத்திய பிறகுதான் ஃபர்ம்வேரை எழுதும் ஃபிளாஷ் கட்டளை.

ஐபிஎம் பவர் சர்வர்களைக் கட்டியவர்களை நான் வணங்குவது இந்த இடத்தில்தான். அவற்றில் ஃபர்ம்வேருக்குத் தற்காலிகப் பக்கம், நிரந்தரப் பக்கம் என்று இரண்டு உண்டு. புதியது தற்காலிகப் பக்கத்தில் எழுதப்படும். பழையது நிரந்தரப் பக்கத்தில் காத்திருக்கும். சில வாரம் ஓட விட்டு, மனம் நிறைந்தால் புதியதை நிரந்தரப் பக்கத்துக்கு ஏற்றலாம். சரியில்லையென்றால் பழையதிலிருந்து எழுப்பலாம். மனிதர் தவறுவார் என்று தெரிந்து, திரும்பி வர வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சர்வர் தன்னை அணைத்துக்கொண்டது. எழும்வரை கன்சோலில் குறியீடுகள் மட்டும் ஒவ்வொன்றாக மாறும். இத்தனை வருடமாகியும் அந்த நிமிடங்களில் நான் நாற்காலியில் உட்காருவதில்லை. கடைசியில் லாகின் வரி வந்தது. பதிப்பைக் கேட்டேன், தற்காலிகப் பக்கத்தில் புதிய எண் நின்றது. டேட்டாபேஸ் எழுந்தது. ஃபோனில் தம்பி மூச்சு விடுவது கேட்டது.

மறுநாள் அலுவலகத்தில் நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்தேன். கீழே இந்த வாரம் வந்த இன்னொரு எச்சரிக்கை இருந்தது, மூன்று சர்வர்களின் நெட்வொர்க் கார்டுகளுக்கானது. தேதி எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினேன். தம்பி எட்டிப் பார்த்தான்.

“இதில என்ர பேரைப் போடுங்கோ அக்கா.”

பேனாவை அவனிடமே கொடுத்தேன். தேதிக்குப் பக்கத்தில் அவனே எழுதினான்.